போர்ட்டர் பொன்னுரங்கத்தின் ஒரு கிலோ

தாம்பரம் ரயில் நிலையத்தில் முப்பத்துநாலு வருஷம் சுமை தூக்கிய பொன்னுரங்கத்திடம், எலும்பு மெலிந்துபோயிருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது, அவர் திரும்பித் தனக்குப் பின்னால் வேறு யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று பார்த்தார். பின்னால் சுவரும், சுவரில் கை கழுவும் முறையை விளக்கும் படமும்தான் இருந்தன.

"எலும்பா சார்? எனக்கா?"

"உங்களுக்குத்தான். இடுப்பு, முதுகுத் தண்டு, ரெண்டு எடத்துலயும் அடர்த்தி கொறஞ்சிருக்கு."

"வேற யாரோட ஸ்கேன்னாச்சும் மாறிப்பூட்டிருக்கும் சார். நானு தலமேல ரெண்டு டிரங்குப் பொட்டி, தோள்ல ஒரு படுக்கை, இந்தக் கையில ஒரு சூட்கேசு, இதோட பாலம் ஏறி எறங்கனவன்."

டாக்டர் பொறுமைக்காரர். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் பொன்னுரங்கத்துக்குப் புரோஸ்டேட்டில் புற்றுநோய் என்று தெரிந்ததும் அவர்தான் கதிர்வீச்சு கொடுத்துக் கட்டுக்குள் கொண்டுவந்தவர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இடுப்பில் போடும் ஊசியை எழுதித் தந்தவரும் அவரே. ஆண் உடம்பில் சுரக்கும் ஹார்மோனை அந்த ஊசி நிறுத்திவைக்கிறது. அது நின்றால் நோய்க்குத் தீனி இல்லை. ஆனால் எலும்பைத் தாங்கிப் பிடித்திருந்ததும் அதே ஹார்மோன்தான் என்பதை இப்போது விளக்கினார். வருஷத்துக்கு ஒருமுறை ஏற்றுகிற மருந்து, சுண்ணாம்புச் சத்து மாத்திரை, இரண்டும் எழுதினார்.

"ஆனா மருந்து மட்டும் பத்தாது. எலும்புக்கு வேலை குடுத்தாத்தான் அது நிக்கும். பிசியோகிட்ட சீட்டு எழுதித் தரேன், உடற்பயிற்சிக்குப் போங்க."

பொன்னுரங்கத்தின் மனைவி கங்கம்மா இதில் பாதியைத்தான் கேட்டாள். மற்றப் பாதியில் அவளுக்கு வேறு யோசனை ஓடிக்கொண்டிருந்தது.

"உள்ள ஓட்ட ஓட்டயா கீதா சார்? டீயில தோச்சித் துன்ற பொறை மாறி?"

டாக்டர் எழுதிக்கொண்டே, "கிட்டத்தட்ட அப்படித்தான்னு வெச்சுக்கங்க" என்றார்.

அந்தக் கிட்டத்தட்ட, குடும்பத்தை ஆறு மாதம் படுத்தி எடுத்தது.

கடப்பேரியில், ஒரு ஆட்டோ நுழைந்தால் எதிரே வரும் சைக்கிள் பின்னுக்குப் போக வேண்டிய சந்தில் அவர்கள் வீடு. வாசலில் தகரம் இறக்கி, காலை ஆறிலிருந்து பத்து வரை கங்கம்மா இட்லி, கல் தோசை, வடகறி விற்றாள். மின்ரயில் பிடிக்க ஓடுகிறவர்கள், கொத்தனார் வேலைக்குப் போகிறவர்கள், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர்கள் எல்லாரும் அங்கே நின்றபடி தின்றுவிட்டுப் போவார்கள். மறுநாள் காலையில் யாரோ ஒருவர், "இன்னாக்கா, அண்ணன காணோம்?" என்று கேட்டதுதான்.

"உள்ள படுக்க வெச்சிகீறேன். எலும்பு பொறை மாறி ஆயிடுச்சாம். டாக்டரே சொல்லிட்டாரு."

பத்து மணிக்குள் சந்து முழுக்கத் தெரிந்துவிட்டது. பொன்னுரங்கம் வெளியே வந்தால் மோட்டார் சைக்கிள்கள் நின்று வழிவிட்டன. இருபது வருஷமாக அவருக்கு முடி வெட்டிய பக்தவச்சலம், வழக்கமாகக் கடைசியில் தலையைப் பிடித்து இருபக்கமும் சொடுக்கெடுக்கிறவர், அன்றைக்குத் துண்டை உதறிவிட்டு, "அவ்ளோதாண்ணா" என்றார்.

"தலைக்கு?"

"வேணாண்ணா. ஏதனா ஒண்ணு ஆச்சின்னா அக்காவுக்கு யாரு பதில் சொல்றது?"

வீட்டில் கங்கம்மாவின் சட்டம் நடந்தது. குடம் தொடக் கூடாது. குனியக் கூடாது. பஸ்ஸில் ஏறக் கூடாது. தும்மல் வந்தால் எதையாவது பிடித்துக்கொண்டு தும்ம வேண்டும். எலும்புக்கு எலும்புதான் மருந்து என்று தினமும் ஆட்டுக்கால் சூப் வைத்தாள். செவ்வாயும் வெள்ளியும் கறி ஆகாதென்பதால் அந்த இரண்டு நாளும் கேழ்வரகுக் கூழும் முருங்கைக்கீரையும். வாரம் ஒருநாள் நெத்திலியை முள்ளோடு வறுத்து, தட்டில் முள் மிஞ்சுகிறதா என்று பக்கத்தில் நின்று பார்த்தாள்.

ஊசியால் வேறொரு தொல்லையும் இருந்தது. மார்கழிக் குளிரில், வெளியே ஊரே போர்த்திக்கொண்டு திரிகையில், பொன்னுரங்கத்துக்கு நெஞ்சிலிருந்து கழுத்து வழியாக முகத்துக்கு ஒரு அனல் ஏறும். வேர்த்துக் கொட்டும். பனியனைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனைக் கட்டிக்கொண்டு உட்காருவார். முதல் தடவை பார்த்தபோது கங்கம்மா வடகறிக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னாயா பண்ணுது?"

"திடீர்னு உள்ள அடுப்பு வெச்ச மாறி கீது. அப்பால குளுருது. ஒண்ணியும் புரியல."

"எனக்குப் புரியுது" என்றாள் கங்கம்மா. "நாப்பத்தெட்டு வயசுல எனக்கு வந்துச்சே, அது. அப்போ நீ இன்னா சொன்ன? டிராமா போடறேன்னு சொன்ன. ஃபேன நிறுத்து, எனக்குக் குளுருதுன்னு சொன்ன."

கங்கம்மா ஃபேனை இரண்டிலிருந்து மூன்றுக்குத் திருப்பிவிட்டு, அன்று முழுக்க நல்ல மனநிலையில் இருந்தாள்.

பிசியோவுக்கு எழுதிய சீட்டு சாமி படத்துக்குப் பின்னால் ஒரு மாதம் இருந்தது. அதை எடுத்தவன் மகன் கதிரேசன். தாம்பரத்துக்கும் மாடம்பாக்கத்துக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன், எதையும் அதிகம் பேசாதவன். "எழுதிக் குடுத்தாங்கன்னா போயித்தான் ஆவணும்" என்று சொல்லி ஒரு வெள்ளிக்கிழமை இருவரையும் ஆட்டோவில் ஏற்றினான். கங்கம்மா கூட வந்தது, அங்கே யாரும் புருஷனை எதையும் தூக்கச் சொல்லிவிடக் கூடாதே என்று.

ஆஸ்பத்திரி இரண்டாவது மாடியில் ஒரு நீளக் கூடம். அங்கே ஒன்பது பெண்கள் வட்டமாக நின்று கால் மாற்றிக் கால் தூக்கிக்கொண்டிருந்தார்கள். மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடிந்து மாத்திரை சாப்பிடுகிறவர்கள். அந்த மாத்திரையும் எலும்பைக் கரைக்குமாம். பெண்களுக்கு நடுவே, சட்டையைப் பேண்ட்டுக்குள் விட்டு பெல்ட் போட்ட ஒரே ஓர் ஆண். அவர் வில்பிரட், கல்லூரி அலுவலகத்தில் சூப்பரின்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பொன்னுரங்கத்தைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த ஆறுதல் சாதாரணமானதல்ல.

"வாங்க சார், வாங்க. ப்ராஸ்டேட்டா?"

"ஆமா சார்."

"தேங்க் காட். நாலு மாசமா நான் ஒருத்தனேதான் ஜென்ட்ஸ். ஹாட் ஃபிளஷ் வருதா?"

"அனல் ஏறுதே, அதுவா? டெய்லி மூணு தபா."

"எனக்கு அஞ்சு" என்றார் வில்பிரட் கொஞ்சம் பெருமையாக.

வகுப்பை நடத்தியவள் கெசியா. சேலையூர்ப் பெண், இருபத்தெட்டு வயது, எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டே சொல்லிச் செய்ய வைத்துவிடுவாள். பொன்னுரங்கத்தின் காகிதங்களைப் படித்தாள். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காரச் சொன்னாள். நடக்கச் சொன்னாள். பிறகு அலமாரியிலிருந்து இரண்டு டம்பெல்களை எடுத்துவந்து நீட்டினாள். பச்சை நிறம், மேலே ரப்பர் உறை.

"இது எவ்ளோ பாப்பா?"

"ஒவ்வொண்ணும் ஒரு கிலோ ஐயா."

பொன்னுரங்கம் அதைக் கையில் வாங்கவில்லை. "நான் எழுவது கிலோ தூக்கனவன்."

"தெரியும் ஐயா. இப்ப ஒண்ணுல ஆரம்பிப்போம். மாசா மாசம் ஏத்தலாம்."

"ஒரு கிலோ தக்காளி வாங்கிகினு வர்றதுக்கு ஆஸ்பத்திரிக்கு வரணுமா?"

அதுவரை சுவரோரம் நாற்காலியில் இருந்த கங்கம்மா எழுந்து வந்தாள். "யம்மா, ஒரு கிலோல்லாம் வேணாம்மா. அவருக்கு எலும்பு பொறை மாறி கீது. சும்மா கையத் தூக்கச் சொல்லு, போதும்."

"நீ சும்மாயிருமே. அவங்க கம்மியாக் குடுக்கறாங்கன்னு நான் பேசிகினு கீறேன்."

"நான் ஜாஸ்தின்னு பேசிகினு கீறேன்."

கெசியா இரண்டு பேருக்கும் நடுவில் டம்பெல்லோடு நின்றாள். ஒன்பது பெண்களும் பயிற்சியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். வில்பிரட், "மிஸ்டர் பொன்னுரங்கம், ஐ யாம் யூசிங் ஒன் அண்ட் ஹாஃப்" என்று தன் டம்பெல்லைத் தூக்கிக் காட்டினார். அதுதான் பொன்னுரங்கத்தை முற்றிலும் முறித்தது. ஆயுளில் பேனாவைத் தவிர எதையும் தூக்கியிராத மனுஷன் ஒன்றரை. தனக்கு ஒன்று. படியிறங்கிப் போய் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துகொண்டார். அதோடு வகுப்பு முடிந்தது.

மூன்று வாரம் கழித்து, தை பிறந்த பின், ஒரு புதன்கிழமை கங்கம்மா கடையை முடித்துவிட்டுச் சின்ன வெங்காயம் வாங்க சண்முகம் சாலைக்குப் போயிருந்தாள். காஸ் சிலிண்டர் வந்தது. வண்டி சந்துக்குள் வராததால் தோளில் சுமந்துவந்த ஆள் வாசலில் இறக்கிவைத்தான்.

"உள்ள வெச்சிடட்டா பெருசு?"

"நீ போப்பா. நான் பாத்துக்கறேன்."

அவன் போய்விட்டான். சிவப்புச் சிலிண்டர் வாசல்படிக்கு வெளியே நின்றது. முழுசாக நிரம்பியது முப்பது கிலோ இருக்கும். எழுபதில் பாதிகூட இல்லை. பொன்னுரங்கம் சந்தின் இரண்டு பக்கமும் பார்த்தார். யாரும் இல்லை. கங்கம்மா திரும்பி வருவதற்குள் உள்ளே போய்விட வேண்டும் என்கிற ஒரே எண்ணத்தில், இடுப்பை மடக்கிக் குனிந்து, வளையத்தைப் பிடித்து, தூக்கியபடியே கதவுப் பக்கம் திரும்பினார்.

முதுகின் நடுவில் ஒரு சத்தம் கேட்டது. சின்னச் சத்தம்தான். பொறை உடைகிற சத்தம் மாதிரியே இருந்தது. அந்த வலியிலும் அவருக்குக் கங்கம்மாவின் மேல்தான் கோபம் வந்தது.

அவள் வந்தபோது அவர் கதவு நிலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்.

"இன்னாயா இங்க நிக்கிற?"

"சும்மா. காத்து வாங்கறேன்."

"சிலிண்டரு பாதி உள்ள பாதி வெளிய கீது?"

"அவன் அப்டித்தான் வெச்சிட்டுப் போனான்."

பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். கண்ணிலிருந்து நீர் தானாக இறங்கிக்கொண்டிருந்தது. கங்கம்மா திட்டவில்லை. வெங்காயப் பையைக் கீழே வைத்துவிட்டு, அவர் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, கதிரேசனுக்குப் போன் செய்தாள். அவள் திட்டாததுதான் பொன்னுரங்கத்துக்கு மிகவும் பயமாக இருந்தது.

முதுகெலும்பில் ஒரு கட்டை நசுங்கியிருக்கிறது என்று எக்ஸ்ரேவில் தெரிந்தது. டாக்டர் வழக்கத்தைவிட மெதுவாகப் பேசினார். "எலும்பு மெலிஞ்சதாலதான் இருக்கும். ஆனா நோய் எலும்புக்கு வந்திருக்கான்னும் பாத்துடணும். எம்ஆர்ஐ எடுத்துடலாம். ரிப்போர்ட் திங்கக்கெழம."

நடுவில் மூன்று நாள். அந்த மூன்று நாளும் கங்கம்மா கடை போடவில்லை. வாடிக்கைக்காரர்கள் வந்து, மூடிய தகரத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"எதுக்கு மூடி வெச்சிகீற?" என்றார் கட்டிலிலிருந்து.

"அடுப்பு மக்கர் பண்ணுது."

அடுப்பில் ஒன்றும் இல்லை. நிரம்பிய சிலிண்டர் பக்கத்திலேயே இருந்தது. மத்தியானம் ரசம் சாதம் வைத்தாள். இருவரும் தட்டில் அளைந்துவிட்டு வைத்துவிட்டார்கள். ஞாயிறு சாயங்காலம் கங்கம்மா மாடம்பாக்கம் கோயிலுக்குப் போய் எத்தனை சுற்று என்று கணக்கில்லாமல் சுற்றிவிட்டு, கதிரேசன் தேடி வந்து கூப்பிட்ட பிறகு வீடு திரும்பினாள்.

திங்கட்கிழமை டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, "பரவல. வெறும் எலும்புதான்" என்றார்.

கங்கம்மா எழுந்து வெளியே போனாள். அவள் அழப் போயிருப்பாள் என்று கதிரேசன் பின்னால் போனான். கேன்டீனில் நின்று வடை தின்றுகொண்டிருந்தாள். "மூணு நாளா பசிடா" என்று இன்னொன்று கேட்டாள்.

ஆறு வாரம் பெல்ட் போட்டுக்கொண்டு, படுத்தே கிடக்காமல் வீட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சம் நடக்க வேண்டும், அப்புறம் மெதுவாகப் பயிற்சி ஆரம்பிக்க வேண்டும் என்றார்கள். ஆறு வாரம் ஆயிற்று. எட்டு வாரமும் ஆயிற்று. வலி போய்விட்டது. ஆனால் பொன்னுரங்கம் கட்டிலை விட்டு வரவில்லை. ஒரு கிலோவைக் கேவலமாகப் பார்த்த மனுஷன் இப்போது தண்ணீர்ச் செம்பை இரண்டு கையாலும் பிடித்தார். கழிப்பறைக்குப் போக ஐந்து எட்டு வைத்தால் போதும். ஐந்துக்கும் சுவரைத் தடவிக்கொண்டு போனார். தும்மல் வந்தால் கங்கம்மா சொல்லாமலே கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். தன் சட்டம் இவ்வளவு நன்றாக நடப்பதைக் கண்டு கங்கம்மாவுக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது.

ஒருநாள் அவர் காலுக்கு எண்ணெய் தேய்க்கும்போது கெண்டைக்காலைப் பிடித்தாள். அவள் விரலும் விரலும் அந்தப் பக்கம் ஒன்றையொன்று தொட்டன. எழுபது கிலோவை ஏற்றிக்கொண்டு பாலம் ஏறிய கால் அது. மறுபடி ஒருமுறை பிடித்துப் பார்த்தாள். எண்ணெயைத் தேய்த்து முடித்தாள். வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கே கடையை மூடிவிட்டு, தனியாகப் பஸ் ஏறிக் கெசியாவிடம் போய் நின்றாள்.

"யம்மா, நானு அவரப் பத்திரமாத்தான் பாத்துகினேன். ஒரு துரும்பக் கூட எடுக்க உடல. ஆனா ஆளு கரைஞ்சிகினே போறாரு."

"படுத்துட்டே இருந்தா அப்படித்தாம்மா ஆகும். சதை போயிடும். எலும்பும் இன்னும் வேகமா மெலியும். சதை போச்சுன்னா நிக்கும்போது தடுமாறுவாரு. தடுமாறினா விழுவாரு. விழுந்தாத்தான் இடுப்பு உடையும்."

கங்கம்மா இதை விரல்விட்டுப் பின்னாலிருந்து எண்ணிப் பார்த்தாள். "அப்போ உடையாம இருக்கணும்னா உழாம இருக்கணும். உழாம இருக்கணும்னா..."

"நிக்கணும்மா. நடக்கணும். சேர்லருந்து எழுந்து எழுந்து உக்காரணும், பத்து தடவை. அதுதான் இப்ப அவருக்குப் பாதுகாப்பு. முன்னால குனியறது, பாரத்தோட திரும்பறது, இது ரெண்டு மட்டும் கூடாது."

"நான் சொன்னா கேக்கமாட்டாரு. அதுக்கு எதிராத்தான் பண்ணுவாரு."

"அப்ப சொல்லாதீங்க. நீங்க பண்ணுங்க, அவர் பாக்கட்டும்."

கெசியா அரைமணி நேரம் சொல்லிக்கொடுத்தாள். அன்று மத்தியானம் கங்கம்மா பிளாஸ்டிக் நாற்காலியைக் கட்டிலுக்கு எதிரே சுவரோரம் போட்டு, புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகி, இரண்டு கையையும் மார்பில் கட்டிக்கொண்டு எழுந்தாள். உட்கார்ந்தாள். எழுந்தாள்.

"இன்னாமே பண்ற?"

"எச்சசைசு."

"யாருக்கு?"

"உனக்குத்தான். நீ பண்ணமாட்ட. உனக்குப் பதிலா நான் பண்றேன்."

"ஒருத்தருக்காண்டி ஒருத்தர் பண்ணா சேருமா?"

"கோயில்ல உனக்காண்டி நான்தானே சுத்தனேன். அது சேரல?"

நாலு நாள் இது நடந்தது. ஐந்தாம் நாள் ஒற்றைக்கால் பாடம். சுவரைத் தொட்டும் தொடாமலும் ஒரு காலைத் தூக்கி இருபது எண்ணும் வரை நிற்க வேண்டும். கங்கம்மா காலைத் தூக்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று. அப்புறம் உடம்பு ஒரு பக்கமாகப் போக, கைகள் காற்றைத் துழாவ, ஓரத்தில் குவித்துவைத்திருந்த துவைத்த துணிமேல் போய் உட்கார்ந்தாள்.

கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமுகிறார் என்று நினைத்தாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். சிலிண்டர் வந்த நாளுக்குப் பிறகு முதல் தடவை.

"சிரிக்கிறியா? நீ வந்து நில்லு பாக்கலாம்."

"தள்ளு. நீ நிக்கறதே தப்பு. வெரலுல நிக்கற. பாரம் குதிகால்ல எறங்கணும். பாதத்தப் பரப்பி வெச்சி, கண்ண ஒரு எடத்துல நிறுத்தணும். படியில பொட்டியோட நிக்கசொல்ல கீழ பாத்தியின்னா அவ்ளோதான்."

சொல்லிக்கொண்டே வந்து சுவரோரம் நின்று காலைத் தூக்கினார். பதினோரு எண்ணிக்கை நின்றார். கட்டிலிலிருந்து அங்கே வரை எட்டு அடி. சுவரைத் தொடாமல் வந்திருந்தார். கங்கம்மா அதைப் பார்த்தாள். சொன்னால் திரும்பிப் போய்ப் படுத்துவிடுவார் என்று பயந்து, "பதினொண்ணுதானா?" என்று மட்டும் கேட்டாள்.

சித்திரை வெயில் ஏறும்போது பொன்னுரங்கம் வகுப்புக்குத் திரும்பினார். வில்பிரட் இப்போது இரண்டு கிலோவுக்குப் போயிருந்தார். அதைப் பற்றிப் பேசாமல் இருக்க அவர் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது. கெசியா பச்சை டம்பெல்லை நீட்டினாள். பொன்னுரங்கம் வாங்கிக்கொண்டார். ஐந்து தடவை தூக்கியதும் கை நடுங்கியது. யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு ஆறாவது தூக்கினார்.

அன்றைய பாடம், தரையில் இருக்கும் பையை எப்படி எடுப்பது. எல்லாரும் ஒவ்வொருவராக எடுக்க வேண்டும். வில்பிரட் முழங்காலை மடக்காமல் இடுப்போடு குனிந்து பையைப் பிடித்ததும், பொன்னுரங்கம் டம்பெல்லைக் கீழே வைத்துவிட்டு ஓடினார்.

"சார், சார், உடுங்க. அப்டியா எடுப்பாங்க?"

"வொய், வாட் ஹேப்பண்ட்?"

"கிட்ட போங்க. பைய காலுக்கு நடுவுல வையுங்க. இப்போ குந்துங்க. முதுகு செவுறு மாறி இருக்கட்டும். ஒடம்போட ஒட்டிப் புடிங்க. இப்போ எடுக்கறது கை இல்ல, தொடை. எழுந்துருங்க. திரும்பணும்னா கால மாத்தி வெச்சி முழு ஆளாத் திரும்பணும். இடுப்ப முறுக்காதீங்க."

தானே செய்து காட்டினார். பைக்குள் இருந்தது இரண்டு கிலோ பொருள். அதை அவர் எழுபது கிலோவுக்கு உரிய மரியாதையோடு எடுத்தார்.

"ஐயா, இதையேதான் நான் ரெண்டு மாசமா சொல்லிட்டிருக்கேன்" என்றாள் கெசியா.

"நீ சொல்றப்போ புரியலம்மா" என்றார் ஓர் அம்மா. "இவரு சொல்றப்ப சூட்கேஸ் தெரியுது."

பெரும்பாக்கத்திலிருந்து வரும் ஞானஜோதி கேட்டாள்: "இவ்ளோ தெரிஞ்ச ஆளு, சிலிண்டர எப்டிண்ணா அப்டி எடுத்தீங்க?"

பொன்னுரங்கம் ஓரத்தில் உட்கார்ந்திருந்த கங்கம்மாவைப் பார்த்தார். "அவ வர்றதுக்குள்ள உள்ள வெச்சிடணும்னு அவசரம்."

அன்று முதல் பாரம் எடுக்கும் பாடம் மட்டும் பொன்னுரங்கத்துடையதாயிற்று. வீட்டிலிருந்து ரயில் நிலையம் வரை காலையில் கையை வீசி நடந்தார். ஆடியில் ஒன்றரைக் கிலோ. ஐப்பசி மழையில் முடிச்சூர்ப் பக்கம் தண்ணீர் நின்றபோது, நடக்க வழியில்லாமல் வீட்டுக்குள்ளேயே நின்ற இடத்தில் காலை ஊன்றி ஊன்றி மிதித்தார். தகரத்தடியில் தின்றுகொண்டிருந்தவர்கள் சட்னி ஆடுகிறது என்றார்கள். அடுத்த மாசிக்கு இரண்டரைக் கிலோ. அனல் மட்டும் நிற்கவில்லை. ஆனால் அது வரும்போது வில்பிரட்டுக்குப் போன் செய்து எத்தனையாவது என்று சொல்லிக்கொள்கிற பழக்கம் வந்திருந்தது.

அந்தப் பங்குனியில் மறுபடியும் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் இரண்டு வருஷத்துத் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"முதுகுல அப்படியே இருக்கு. இடுப்புல லேசாக் கூடியிருக்கு."

"லேசான்னா?"

"ரொம்ப லேசா."

பொன்னுரங்கத்தின் முகம் விழுந்தது. "ஒரு வருசமா எழுந்து எழுந்து குந்தினேன் சார்."

"அந்த ஊசி இன்னும் போயிட்டுத்தானே இருக்கு? அது கீழ இழுத்துகிட்டே இருக்கும். மருந்தும் பயிற்சியும் சேர்ந்துதான் புடிச்சு நிறுத்தியிருக்கு. கீழ எறங்குற எஸ்கலேட்டர்ல மேல ஏறி, எடத்த விடாம நிக்கறீங்க."

எஸ்கலேட்டர் என்றதும் அவருக்குப் புரிந்துவிட்டது. "அது கஷ்டம் சார். வயசுப் பசங்களே வெளையாட்டுக்கு ஏறி மூச்சு வாங்குவானுங்க" என்று தலையாட்டினார். முகம் சரியாகிவிட்டது.

டாக்டர் கங்கம்மாவைப் பார்த்தார். "உங்களுக்கு என்ன வயசும்மா?"

"அறுவத்திரண்டு."

"ஸ்கேன் எடுத்திருக்கீங்களா?"

"எனக்கு எதுக்கு சார்? எனக்குத்தான் அந்த நோவு இல்லியே."

"அந்த நோய் வேணும்னு இல்ல. மாதவிடாய் நின்னாலே போதும்."

எடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து வந்த தாளில் கங்கம்மாவின் எலும்பு அடர்த்தி எண் புருஷனுடையதைவிடக் கீழே இருந்தது. அவளுக்கும் மாத்திரை எழுதினார்கள்.

கதிரேசனின் ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது பொன்னுரங்கம் கேம்ப் ரோடு தாண்டியும் விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். தோசைக்கல் எத்தனை கிலோ, மாவுத் தூக்கு எத்தனை கிலோ, அண்டாவில் தண்ணீர் எத்தனை குடம் என்று அவர் மனசு எடை போட்டுக்கொண்டிருந்தது. கடையை மூடு, குடத்தைத் தொடாதே, படு என்று சொல்ல வாய்வரை வந்தது. அந்த எட்டு வாரக் கட்டில் ஞாபகம் வந்து, விழுங்கிக்கொண்டார்.

"இன்னாயா யோசன?" என்றாள் கங்கம்மா. அவள் குரல் வழக்கம்போல இல்லை.

"வெள்ளிக்கெழம நீயும் வட்டத்துல நிக்கற. இனிமே ஓரத்துல சேர் கெடையாது."

"கடை?"

"ஒம்போதுக்கு மூடிக்கலாம்."

"மாவு? ராத்திரிக்குள்ள ஆட்டணும்."

"நான் ஆட்டறேன்."

"உளுந்து எது, இட்லி அரிசி எது, தெரியுமாயா உனக்கு?"

"மூட்டையாத் தூக்கினா சொல்லிடுவேன்."

கதிரேசன் முன்னால் உட்கார்ந்தபடி சத்தமில்லாமல் சிரித்ததில் ஆட்டோ லேசாக ஆடியது. கங்கம்மா வெளிப்பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினாள். பொன்னுரங்கம் அவள் கையைப் பிடிக்கவில்லை. அவர்களுக்கு அது பழக்கமில்லை. மருந்துப் பையை அவள் மடியிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

அவர் ஆட்டிய முதல் மாவில் உப்பு இரண்டு தடவை விழுந்தது. இரண்டாவது மாவு பொங்கவே இல்லை. மூன்றாவது வாரத்திலிருந்து யாரும் குறை சொல்லவில்லை. அல்லது அவரும் கடையில் நின்றதால் சொல்லவில்லை. கங்கம்மா ஒரு காலில் ஏழு எண்ணும் வரை வந்திருந்தாள். வேறு நேரம் கிடைக்காததால் கூட்டம் குறைந்த எட்டரை மணிக்குக் கடையிலேயே செய்தாள். அடுப்புப் பக்கம் நிற்கக் கூடாது என்று அவளை இந்தப் பக்கம் சுவரோரம் வரவழைத்து, அந்த நேரத்துக்கு மட்டும் தோசைத் திருப்பியைப் பொன்னுரங்கம் வாங்கிக்கொள்வார்.

ஒரு நாள் புது வாடிக்கைக்காரர் ஒருவர், பேங்க் வேலைக்காரர்போல, தட்டோடு நின்று இதைப் பார்த்தார்.

"இன்னாக்கா, ஒத்தக் கால்ல நிக்கறீங்க? வேண்டுதலா?"

"வேண்டுதல்லாம் இல்ல சார். எலும்புக்கு" என்றாள் கங்கம்மா, கண்ணை எதிர்வீட்டு மீட்டர் பெட்டிமேல் நிறுத்தியபடி.

பொன்னுரங்கம் அவளுக்கு ஓரெட்டுப் பின்னால், விழுந்தால் பிடிக்கக் கையை நீட்டிக்கொண்டு, ஏழு தாண்டிய பிறகும் எண்ணிக்கொண்டிருந்தார். ஒன்பது. பத்து. கல்லிலிருந்து புகை கிளம்பியது.

"அண்ணா, என் தோசை கருகுது" என்றார் வாடிக்கைக்காரர்.

"இரு சார்" என்றார் பொன்னுரங்கம், திரும்பாமல். "பதினஞ்சு. பதினாறு. கீழ பாக்காதமே. பதினேழு."